டபரா டம்ளரில் தொடங்குங்கள்: வீட்டுச் சாமான்களை அக்ரிலிக்கில் வரைவது எப்படி

சமையலறை மேடையில் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். உங்கள் முதல் படம் அதுதான். அக்ரிலிக் டியூப்களை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, என்ன வரைவது, எங்கே ஆரம்பிப்பது என்று மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் ஓவியக் கல்லூரிப் பக்கம் போனதில்லை. வாரத்தில் ஆறு நாள் கணக்கு வேலை, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை தூரிகை. நங்கநல்லூரில் இரண்டாவது மாடி வீடு, சமையலறையை ஒட்டிய சின்ன பால்கனிதான் நான் வரைகிற இடம். முதல் வருடம் முழுக்கப் பனிமலை, ஏரிக்கரையில் ஒற்றை மரம், சூரிய அஸ்தமனம் என்று போனில் பார்த்ததையெல்லாம் வரைந்தேன். ஒன்றுகூட நிற்கவில்லை. ஏன் என்று பிடிபட ரொம்ப நாள் ஆனது. பனியின் மேல் விழும் நிழல் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது, போய்ப் பார்க்கவும் வழியில்லை, அதனால் போட்டோ என்ன நிறம் காட்டியதோ அதை அப்படியே நம்பினேன். டம்ளர் அப்படி இல்லை. சந்தேகம் வந்தால் எழுந்து போய்ப் பார்க்கலாம், திருப்பி வைத்துப் பார்க்கலாம், மறுநாள் காலை அதே நேரத்துக்கு மறுபடியும் பார்க்கலாம். கேட்டால் பதில் சொல்கிற பொருளை வைத்துத்தான் பழக வேண்டும். அதற்கப்புறம் நான் வரைந்தவை எல்லாம் முறுக்கு அச்சு, பிளாஸ்டிக் குடம், வாசலில் கிடக்கும் செருப்புகள், மொட்டை மாடிக் கொடியில் காயும் வேட்டி, தண்ணீர் தெளித்து வைத்த கொத்தமல்லிக் கட்டு, தெருமுனை இஸ்திரி வண்டி, இவைதான்.

என்ன வாங்குவது

24 நிறப் பெட்டி வேண்டாம், ஏழு டியூப் போதும். டைட்டானியம் ஒயிட், அல்ட்ராமரின் புளூ, லெமன் எல்லோ, மண் மஞ்சளான எல்லோ ஆக்கர், கிரிம்சன், ஸ்கார்லெட் என்று இரண்டு சிவப்பு, செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா. வெள்ளையை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள், மற்றவை பாதி தீர்வதற்குள் அது காலியாகிவிடும். கேமல் மாதிரி எல்லா ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கிற பிராண்டே தொடங்கப் போதுமானது. விலை கூடின டியூபில் நிறமி அதிகம் இருக்கும், கொஞ்சம் போட்டாலே மூடும், அவ்வளவுதான் வித்தியாசம். டியூபில் நிறத்தின் பெயரோடு 'ஹ்யூ' என்று போட்டிருந்தால், அந்த விலை உயர்ந்த நிறமிக்குப் பதிலாக அதே போலத் தெரிகிற வேறொன்றைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழகுவதற்கு அது ஒன்றும் குறைச்சல் இல்லை. துணியில் போடும் பாட்டில் கலரும் அக்ரிலிக்தான், ஆனால் கொஞ்சம் தண்ணியாக இருக்கும், கேன்வாஸில் இரண்டு மூன்று தடவை போட வேண்டி வரும்.

கறுப்பு வாங்காதீர்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் ஏறக்குறைய சம அளவு கலந்து பாருங்கள், நல்ல அடர்ந்த கருமை வரும். நீலத்தைக் கொஞ்சம் கூட்டினால் மழை மேகத்துக் கருமை, சியன்னாவைக் கூட்டினால் பழகின தோசைக்கல்லின் கருமை. இதிலேயே வெள்ளையைச் சேர்த்தால் எத்தனை விதமான சாம்பல் நிறம் வேண்டுமோ அத்தனையும் கிடைக்கும். டியூபிலிருந்து வருகிற கறுப்பை அப்படியே வைத்தால் படத்தில் அந்த இடம் ஓட்டை விழுந்த மாதிரி தெரியும்.

தூரிகை மூன்று போதும்: தட்டையான அரை இஞ்ச் ஃபிளாட் ஒன்று, தட்டையாக ஆனால் நுனி வளைவாக இருக்கும் ஆறாம் நம்பர் ஃபில்பர்ட் ஒன்று, மெல்லிய கோட்டுக்கு இரண்டாம் நம்பர் ரவுண்ட் ஒன்று. செயற்கை முடியாகவே வாங்குங்கள். அக்ரிலிக்குக்கு அதுதான் தாங்கும்.

படம் வரைய எட்டுக்குப் பத்து இஞ்ச் கேன்வாஸ் போர்டு நல்ல அளவு, ஆனால் பழகுவதற்கு அதையும் வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கல்யாணப் பத்திரிகை கட்டாகச் சேர்ந்திருக்கும். கெட்டி அட்டையாக உள்ளவற்றை எடுத்து, பளபளப்போ பொன் அச்சோ இல்லாத வெறும் பக்கத்தில் ஜெஸ்ஸோ இரண்டு பூச்சு கொடுங்கள். ஜெஸ்ஸோ என்பது நிறம் பிடிக்க வைக்கும் வெள்ளை அடிப்பூச்சு. பின்பக்கமும் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் காயும்போது அட்டை அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். என் முதல் நாற்பது பயிற்சிப் படங்களும் பத்திரிகை அட்டையில்தான். அட்டை வீணாகிறதே என்ற பயம் இல்லாததால் கை தாராளமாக ஓடியது.

காய்வது பற்றி

எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்காகும், டர்பன்டைன் வாடை சின்ன வீட்டில் சாப்பாடு வரைக்கும் வரும். அக்ரிலிக்குக்குத் தண்ணீர் போதும். நிறமியை அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் நுண்ணிய துளிகளோடு தண்ணீரில் கலந்து வைத்திருக்கிறார்கள், தண்ணீர் ஆவியானதும் அந்தத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே படலமாகிவிடுகின்றன, அதற்கப்புறம் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. இந்த வண்ணத்தில் இருக்கிற எல்லா வசதியும் எல்லாத் தொல்லையும் இதிலிருந்துதான் வருகின்றன. ஈரமாக இருக்கும்போது அந்தக் கலவை பால் மாதிரி வெளுப்பாக இருக்கும், காய்ந்தால் கண்ணாடியாகிவிடும், அதனால் நீங்கள் கலந்த நிறம் காய்ந்ததும் ஒரு படி அடர்ந்து தெரியும். கலந்ததைப் படத்தில் வைக்கும் முன் ஒரு ஓரத்துத் துண்டில் தொட்டு வைத்து, காய்ந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காயின் ஊதாவில் நான் ஏமாந்தது இப்படித்தான். ஈரத்தில் சரியாக இருந்தது, பத்து நிமிடத்தில் கிட்டத்தட்ட கறுப்பாகிவிட்டது.

சென்னையில் சித்திரை வைகாசியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் தட்டில் பிதுக்கிய வண்ணம் மூன்று நான்கு நிமிடத்தில் தோல் கட்ட ஆரம்பிக்கும். விசிறி இல்லாமல் உட்காரவும் முடியாது. எனக்குச் சரிப்பட்டு வந்த வழி இது: மூடி இறுக்கமாக உள்ள தட்டையான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அடியில் நான்காக மடித்த நனைந்த துணியை விரியுங்கள், அதன் மேல் பட்டர் பேப்பர் போட்டு வண்ணங்களை அதில் பிதுக்குங்கள். அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். மூடி வைத்தால் மறுநாள் காலையிலும் வண்ணம் இளகலாகவே இருக்கும். மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள், துணி நாற்றமெடுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரே பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவ்வப்போது தட்டின் மேல் ஒரு தூறல் விடுங்கள். விசிறியை நிறுத்த வேண்டாம், காற்று உங்கள் முதுகில் படும்படி உட்கார்ந்து தட்டை மடிப்பக்கம் வைத்துக்கொண்டால் போதும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் கதை தலைகீழ். காற்றே ஈரமாக இருப்பதால் தடிப்பாக வைத்த இடம் சாயங்காலம் வரைக்கும் பிசுபிசுக்கும். அந்த மாதங்களில் மெல்லிய பூச்சுகளாக வரையுங்கள்.

தூரிகையைத் தலைகீழாகத் தண்ணீரில் நிறுத்தி வைக்காதீர்கள், நுனி வளைந்துவிடும். வரைந்து முடித்ததும் முதலில் பழைய துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துடைக்காமல் கழுவினால் அத்தனை பிளாஸ்டிக்கும் சாக்கடைக்குத்தான் போகும். அந்தத் தண்ணீரைத் துளசிக்கோ ரோஜாத் தொட்டிக்கோ ஊற்றவே கூடாது. மறந்துபோய்க் காய்ந்துவிட்ட தூரிகையைத் தூக்கிப் போடும் முன் ஹேண்ட் சானிடைசரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். அதிலுள்ள ஆல்கஹால் காய்ந்த அக்ரிலிக்கை இளக்கும். என்னிடம் இப்போது இருக்கும் ஃபில்பர்ட் இப்படி இரண்டு முறை பிழைத்து வந்தது.

எந்த ஜன்னல்

ஓவியம் சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் வடக்கு ஜன்னலில் உட்காரச் சொல்வார்கள். வடக்கே வெயில் நேராக வராது, நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் இருக்கும் என்பது காரணம். ஐரோப்பாவுக்கு அது சரி. சென்னை பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கேதான் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல் வந்து, நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழலே இல்லாமல் போகும். ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி அதே மாதிரி. இந்த இரண்டு நாள்களுக்கும் நடுவே உள்ள கிட்டத்தட்ட நான்கு மாதமும் நம் ஊரில் நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. மே, ஜூன் காலைகளில் என் வடக்கு ஜன்னல் வழியாகவே வெயில் சாய்ந்து வந்து டம்ளரில் அடிக்கும். இது தெரியாமல், புத்தகத்தில் சொன்னது ஏன் நம் வீட்டில் நடக்கவில்லை என்று ஒரு கோடை முழுக்கக் குழம்பியிருக்கிறேன். அந்த மாதங்களில் ஜன்னலில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டிவிடுங்கள், வெளிச்சம் பரவி மெத்தென்று வரும். புரட்டாசிக்கு மேல் மாசி வரை வடக்கு ஜன்னல் நிஜமாகவே நல்ல ஜன்னல். எந்த மாதமானாலும் காலை எட்டரைக்குள் அல்லது மாலை நாலரைக்கு மேல் வரையுங்கள். மதியம் நிழல்கள் பொருளின் காலடியிலேயே சுருண்டுகொள்ளும், உருவத்தின் உருட்சி தெரியாது.

டம்ளரை வரைவது

டபராவில் டம்ளரை வைத்து, சிவப்புக் கட்டம் போட்ட துண்டின் மேல் வையுங்கள். துண்டு ஏன் என்று அப்புறம் தெரியும். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரட்டும், தலைக்கு மேல் உள்ள விளக்கை அணைத்துவிடுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் தூரிகையைத் தொடாதீர்கள். கண்ணைப் பாதி இடுக்கிக்கொண்டு பாருங்கள். எவர்சில்வர் வெள்ளி நிறம் என்று நமக்குத் தெரியும், ஆனால் அந்த டம்ளரில் வெள்ளி நிறம் எங்கேயும் இல்லை. இடது ஓரத்தில் ஜன்னலின் வெளுப்பு ஒரு நீளப் பட்டையாக நிற்கிறது. அதை ஒட்டி, எதிர்பாராத அளவுக்குக் கறுப்பாக ஒரு பட்டை, அது அங்கே உட்கார்ந்திருக்கிற நீங்கள்தான். நடுவில் சுவரின் வெதுவெதுப்பான சாம்பல். அடிப்பாகத்தில் துண்டின் சிவப்பு வளைந்து ஏறியிருக்கிறது. வெளியே வேப்பமரம் இருந்தால் வலது விளிம்பில் நூல் அளவுக்குப் பச்சை. டம்ளருக்கென்று சொந்தமாக ஒரு நிறமும் கிடையாது, சுற்றியிருப்பதை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது. இதைப் பார்த்துவிட்டால் பாதிப் படம் முடிந்த மாதிரி. கடையில் விற்கிற சில்வர் கலரை இங்கே பூசினால் இனிப்பின் மேல் ஒட்டுகிற தாள் போலத் தட்டையாகத்தான் இருக்கும்.

போர்டின் வெள்ளையை முதலில் மறையுங்கள். எல்லோ ஆக்கரில் துளி சியன்னா கலந்து, நிறையத் தண்ணீர் விட்டு, முழுவதும் ஒரு மெல்லிய பூச்சு. வெள்ளை மேல் எந்த நிறத்தை வைத்தாலும் அடர்த்தியாகவே தெரியும், எது நிஜமாக அடர்த்தி, எது நடுத்தரம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. இந்த நடுத்தரப் பழுப்பின் மேல் வைத்தால் இரண்டு பக்கமும் அளந்துகொள்ளலாம்.

காய்ந்ததும், நீர்த்த சியன்னாவில் ரவுண்ட் தூரிகையால் கோடு போடுங்கள். பென்சில் வேண்டாம். டம்ளரின் வாய் நீள்வட்டமாகத் தெரியும். அதன் இரண்டு முனைகளும் கூர்மையாக இருக்காது, மாவடு மாதிரி முனை வந்தால் தப்பு. நம் கண் மட்டத்திலிருந்து கீழே போகப் போக நீள்வட்டம் உருண்டையாகிக்கொண்டே வரும். அதாவது டம்ளரின் வாயை விட டபராவின் வாய் இன்னும் திறந்து தெரியும், டபராவின் அடி அதை விடவும் வளைவாக இருக்கும். எல்லோரும் இங்கேதான் தவறுகிறோம், அடிப்பாகம் மேஜையில் தட்டையாக உட்கார்ந்திருப்பது நமக்குத் தெரியும் என்பதால் நேர்கோடு போட்டுவிடுகிறோம். வரைந்ததைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், கோணல் உடனே கண்ணில் படும். விளிம்பை ஒரே கோடாகப் போடாதீர்கள், டம்ளரின் வாய் வெளிப்பக்கமாகச் சுருட்டியிருக்கும், அதனால் அரிசி கனத்துக்கு இரண்டு கோடுகள்.

இப்போது ஆழ்ந்த கருமையிலிருந்து தொடங்குங்கள். அல்ட்ராமரினும் சியன்னாவும் கலந்ததை எடுத்து, எங்கெல்லாம் ரொம்பக் கருமையோ அங்கெல்லாம் ஃபிளாட்டால் வையுங்கள். டம்ளருக்கும் டபராவுக்கும் நடுவே உள்ள இடுக்கு, டம்ளரின் உள்பக்கத்தில் வெளிச்சம் வருகிற பக்கத்துச் சுவர், அந்தக் கறுப்புப் பட்டை. அப்புறம் நடுத்தரம், அப்புறம் வெளுப்பு. மூன்றே படிகள்தான். இந்தக் கட்டத்தில் போனில் பொருளை ஒரு போட்டோ, படத்தை ஒரு போட்டோ எடுத்து, இரண்டையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் தப்பாக இருந்தாலும் படம் நிற்கும், வெளிச்சமும் இருட்டும் தப்பாக இருந்தால் நிற்காது.

பட்டைகளுக்கு நடுவே உள்ள எல்லைகளைக் கவனியுங்கள். சில இடத்தில் கத்தியால் வெட்டிய மாதிரி, சில இடத்தில் கரைந்துபோகிற மாதிரி. எண்ணெய் வண்ணத்தில் இரண்டையும் ஈரமாகவே இழைத்துவிடலாம், அக்ரிலிக்கில் நாம் இழைக்கப் போவதற்குள் காய்ந்துவிடும். வறட்டுத்தனமாகத் தேய்க்காதீர்கள், அடியில் உள்ளது உரிந்து வரும். அதற்குப் பதிலாக இரண்டுக்கும் இடைப்பட்ட நிறத்தைத் தட்டில் கலந்து, நடுவே மூன்றாவது பட்டையாக மெல்லிசாக வையுங்கள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் இழைந்துதான் தெரியும். எனக்கு அக்ரிலிக்கே பிடிபட்டது இந்த ஒரு விஷயம் தெரிந்த பிறகுதான்.

இனி துண்டின் சிவப்பு. டம்ளரில் தெரியும் சிவப்பு துண்டில் உள்ள சிவப்பை விட ஒரு படி மங்கலாக இருக்கும். கிரிம்சனில் கொஞ்சம் சியன்னா, ஒரு தொடுகை நீலம். இது வந்தவுடன் டம்ளர் சட்டென்று உலோகமாகிவிடும், ஒவ்வொரு முறையும் எனக்கு அது ஆச்சரியம்தான். சாதாரண வெள்ளைத் துணியில் வைத்திருந்தால் இந்தச் சந்தோஷம் கிடைத்திருக்காது.

துண்டின் மேல் விழும் நிழலுக்குச் சாம்பலை எடுத்துப் பூசிவிடாதீர்கள். நிழலுக்குள்ளும் கட்டம் தொடர்கிறது. சிவப்புக் கட்டம் அங்கே அடர்ந்த சிவப்பு, வெள்ளைக் கட்டம் அங்கே நீலம் கலந்த வெளுப்பு. கூர்ந்து பார்த்தால் நிழலுக்கு நடுவிலேயே டம்ளரில் பட்டுத் தெறித்த வெளிச்சம் பிறைபோல ஒன்று இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

கடைசியில் வெள்ளை. தண்ணீர் கலக்காத டைட்டானியம் ஒயிட்டில் ஊசிமுனை அளவுக்கு லெமன் எல்லோ சேர்த்து, விளிம்பில் ஒரு இடம், வயிற்றில் ஒரு இடம், அவ்வளவுதான். வைத்ததும் கையை எடுத்துவிடுங்கள். ஆறு இடத்தில் வைத்தால் ஆறும் சேர்ந்து ஒன்றுக்கும் பலமில்லாமல் போகும்.

நிழலுக்கு நிறம் உண்டு

2019 கோடையில் ஏரிகள் வற்றி, எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசையாக நின்றன. நானும் குடத்தோடு நின்றேன். காலை வெயில் பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது, எனக்கு முன்னால் இருந்த ஆரஞ்சு குடத்தின் நிழல் சிமென்ட் தரையில் ஆரஞ்சாக விழுந்திருந்தது. வெயில் மெல்லிய பிளாஸ்டிக்கை ஊடுருவி வந்து நிழலையே நனைத்திருந்தது. அடுத்திருந்த பச்சைக் குடத்துக்குப் பச்சை நிழல். அதுவரை நிழல் என்றால் சாம்பல் என்று நினைத்திருந்தேன்.

இதை வரைய அக்ரிலிக்கை விடச் சுலபமான வண்ணம் இல்லை. முதலில் தரையையும் குடத்தையும் நிழலையும் வெறும் சாம்பல் படிகளில் முழுதாக வரைந்து காய விடுங்கள். குடத்தின் கழுத்தில் வெயில் ஊடுருவுகிற இடத்தை நல்ல வெளுப்பாகவே விடுங்கள். அப்புறம் லெமன் எல்லோவும் ஸ்கார்லெட்டும் கலந்த ஆரஞ்சை, வெள்ளை சேர்க்காமல், கிளேசிங் மீடியத்தில் (நிறமில்லாத அக்ரிலிக் திரவம்) நீர்த்துக் கண்ணாடித் தாள் போல மேலே பரப்புங்கள். குடத்தின் மேல் இரண்டு மூன்று தடவை, நிழலின் நடுவில் ஒரே தடவை. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகுதான் அடுத்தது, நம் ஊரில் பத்து நிமிடக் காத்திருப்பு. மீடியத்துக்குப் பதிலாகத் தண்ணீரை மட்டும் நிறைய ஊற்றினால், காய்ந்த பூச்சின் மேல் அது முத்து முத்தாகத் திரண்டு நிற்கும், ஒட்டவும் ஒட்டாது. வெளிச்சம் அடியிலுள்ள வெளுப்பில் பட்டுத் திரும்பி வருவதால்தான் குடம் உள்ளிருந்து ஒளிர்கிற மாதிரி தெரிகிறது. நேராக ஆரஞ்சைக் கெட்டியாகப் பூசினால் அது வராது.

வெளியே போய் வரைவது

வீட்டுச் சாமான்கள் ஒரு வருடம் பழகிய பிறகு தெருவுக்குப் போங்கள். ஆள்கள் இருந்தால் கேட்டுவிட்டு வரையுங்கள், ஒளிந்துகொண்டு போட்டோ எடுக்க வேண்டாம். எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் "அண்ணே, உங்க வண்டிய வரையட்டுமா?" என்று தயங்கித்தான் கேட்டேன். "வரைஞ்சுக்கோம்மா. ஆனா பெட்டிய மூடி வெச்சு வரையாதே, கரி எரியறது தெரியணும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. மூடின பெட்டி வெறும் இரும்பு. திறந்தால் சாம்பல் பூத்த கரிகளுக்கு நடுவே இரண்டு மூன்று கங்குகள். கங்கைச் சிவப்பாக்க ஸ்கார்லெட்டை அள்ளி வைத்தேன், மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது. சுற்றியுள்ள கருமையை இன்னும் ஆழமாக்கி, சாம்பலில் நீலத்தைக் கூட்டியதும் அதே சிவப்பு தானாக எரிய ஆரம்பித்தது. பளிச்சென்று வேண்டுமானால் பக்கத்தில் உள்ளதை அடக்க வேண்டும். வண்டியை முடிக்க நான்கு ஞாயிறு ஆனது. படத்தைக் காட்டியபோது முதலில் கரியைத்தான் பார்த்தார்.

வெளியே போகும்போது முழுப் படம் முடிக்கப் பார்க்காதீர்கள். பத்திரிகை அட்டையில் உள்ளங்கை அளவுக்கு நிறக் குறிப்புகள் எடுத்து வந்து வீட்டில் வரையுங்கள்.

நல்ல ஓவியங்களை நேரில் பார்க்கவும் ஒரு நாள் ஒதுக்குங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் ஓவியர்கள் சேர்ந்து தொடங்கியது. பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருமானத்தில் ஓவியத்தைத் தொடர்ந்தவர்கள் அவர்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் படத்துக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், தூரிகை எங்கே தடித்தது, எங்கே வழுக்கிப் போனது என்பதெல்லாம் தெரியும். போன் திரையில் அது தெரியவே தெரியாது.

பத்திரப்படுத்துவதும் காட்டுவதும்

காய்ந்த அக்ரிலிக் படலம் சூட்டில் லேசாக இளகும். இதை அறியாமல் இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்து அலமாரி மேல் போட்டிருந்தேன். கத்திரி வெயில் முடிந்து பிரித்தபோது ஒன்றின் ஆரஞ்சு இன்னொன்றின் மேல் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு படத்தை ஒரு சட்டக் கடையில் கொடுத்தேன், கண்ணாடியை நேராக வண்ணத்தின் மேல் அழுத்திப் பொருத்திவிட்டார்கள், அதுவும் ஒட்டிப்போனது. அக்ரிலிக்குக் கண்ணாடி தேவையில்லை, போட்டே ஆக வேண்டுமென்றால் நடுவே மவுன்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள், கடையில் நின்று பார்த்து வாங்குங்கள். வீட்டில் படங்களைப் புத்தகம் போல நிமிர்த்தி, நடுவே பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள். குமிழ் பிளாஸ்டிக் உறையில் நேராகச் சுற்றினால் குமிழ்கள் அச்சுப் பதிந்துவிடும். மழைக் காலத்தில் வெளிச்சுவரை ஒட்டி மாட்டாதீர்கள், பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும்.

வார்னிஷ் போட இரண்டு வாரம் பொறுங்கள். தை மாசியில் காற்று வறண்ட ஒரு காலையில், அகலத் தூரிகையால் மெல்லிசாக ஒரு பூச்சு குறுக்கே, அது காய்ந்ததும் ஒன்று நெடுக்கே. மழை நாளில் போட்டால் பனி படிந்த மாதிரி வெளுத்துவிடும்.

மற்றவர்களுக்கு அனுப்பப் போட்டோ எடுக்கும்போது டியூப் லைட் வெளிச்சம் வேண்டாம். காலை எட்டு மணிக்கு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் படத்தைச் சாய்த்து வையுங்கள், அங்கே வானத்து வெளிச்சம் மட்டும் படும். போனைப் படத்துக்கு இணையாக அதே சாய்வில் பிடித்து, நாலடி பின்னால் போய் ஜூம் செய்து எடுங்கள், கிட்டே போய் எடுத்தால் ஓரங்கள் உப்பிக்கொள்ளும். ஃபில்டர் எதுவும் போடாதீர்கள். படத்தின் அளவையும், எதைப் பார்த்து வரைந்தீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். போட்டோவைப் பார்த்து வரைந்தது என்றால் அது யார் எடுத்த போட்டோ என்று சொல்லிவிடுங்கள், அனுமதி வாங்காமல் அடுத்தவர் போட்டோவைப் பார்த்து வரைந்ததை விற்காதீர்கள்.

காலி டம்ளர் கைக்கு வந்துவிட்டதென்றால் அடுத்த ஞாயிறு அதில் காப்பியை ஊற்றி வையுங்கள். அப்போது மட்டும் நான் சொன்ன வரிசையை மாற்ற வேண்டும். ஆக்கரும் வெள்ளையும் துளி சியன்னாவும் முந்தின இரவே கலந்து டப்பாவில் மூடி வைத்துவிட்டு, காப்பி மேஜைக்கு வந்ததும் நுரையை முதலில் வரையுங்கள். விளிம்போரத்துப் பெரிய குமிழ்கள் முதலில் உடையும், நடுவில் உள்ள பொடி நுரை இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். அது அடங்குவதற்குள் ஓரத்தை முடித்துவிடுங்கள். டம்ளர் எங்கேயும் போகாது.